நூறு புளியங்கொட்டையும் ஒரு குடகனாறும்

எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்ய வேண்டிய இடம் ஏழாம் பக்கத்தில் இருந்தது. கல்லூரியில் படித்த காலத்தில், இளையோர் நாடாளுமன்றப் போட்டிக்காக நடந்த ஒத்திகை அது. எனக்கு வாய்த்தது எதிர்க்கட்சி உறுப்பினர் வேடம். வசனம் மூன்றே வரி. அமைச்சர் பதில் சொல்லி முடித்ததும் நாங்கள் எழுந்து இரண்டு முறை ‘வெட்கம், வெட்கம்’ என்று கத்த வேண்டும். வலப்பக்க வாசல் வழியாக வெளியே போய், இடப்பக்க வாசல் வழியாக வந்து உட்கார வேண்டும்.

நடுவில், வேடசந்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து படித்த தோழி ஒருத்தி கையிலிருந்த தாளை மடித்து வைத்துவிட்டு, நீர்வளத் துறை அமைச்சரைப் பார்த்துக் கேட்டாள்: “எங்க ஊருக்குப் பத்து நாளைக்கு ஒருக்காதான் தண்ணி வருது. ஏன்?” அமைச்சராக நின்ற பையன் திருதிருவென்று விழித்தான். அவன் தாளில் அதற்குப் பதில் இல்லை. பொறுப்பாசிரியர் கோபப்படவில்லை, கனிவாகத்தான் சொன்னார்: “அது ஸ்கிரிப்ட்ல இல்லம்மா. வரியைப் படி.”

அவள் வரியைப் படித்தாள். எங்கள் அணியின் ஒழுங்கை நடுவர்கள் பாராட்டினார்கள்.

அரசியல் பாடத்தை நடித்துக் கற்பிக்கும் யோசனை நம் நாட்டுக்குப் புதிதில்லை. 1962-இல் பம்பாயில் கூடிய அனைத்திந்தியக் கொறடாக்கள் மாநாடு, மாணவர்களிடையே நாடாளுமன்ற நடைமுறையைப் பழக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1966-67-இல் டெல்லிப் பள்ளிகளில் போட்டி தொடங்கியது. 1997-98-இல் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் வந்தது. அரசியல் சாசன நாளான 2019 நவம்பர் 26-இல் இதற்கென ஓர் இணையதளமும் திறக்கப்பட்டது. நோக்கத்தில் குறை காண ஒன்றுமில்லை. உறுதிமொழி, இரங்கல் தீர்மானம், கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, மசோதா என்று வரிசை தெரிகிறது, கூச்சம் விலகுகிறது. ஆனால், சர்ச்சைக்குரிய விஷயம் வேண்டாம், கட்சிகளையும் தலைவர்களையும் சாட வேண்டாம் என்பது அங்கே சட்டம்போல நிற்கிறது. சர்ச்சையை எடுத்துவிட்டால் நாடாளுமன்றத்தில் மிஞ்சுவது மேஜையும் மைக்கும்தான்.

நாடகத்துக்கும் ஆட்டத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. நாடகத்தில் யார் தோற்பார் என்று முன்பே எழுதியிருக்கும். ஆட்டத்தில் எவருக்கும் தெரியாது, ஆசிரியர் உட்பட. நம் கல்லூரிகளின் அரசியல் அறிவியல் வகுப்புக்கு இன்று தேவைப்படுவது இந்த இரண்டாவது வகை என்பது என் கட்சி.

ஆடும் புலியும்

நம் ஊர்ச் சாவடிகளிலும் கோயில் மண்டபத்துக் கல்தரையிலும் ஆடுபுலி ஆட்டத்துக்கான கட்டம் கீறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டிக் குதித்து வெட்டலாம். ஆட்டுக்கு அந்த உரிமை கிடையாது. ஆனால், ஆடுகள் நெருக்கி நின்று புலியை நகரவிடாமல் அடைத்துவிட முடியும். சதுரங்கத்தில் இருபக்கமும் ஒரே படை, ஒரே விதி. ஆடுபுலியில் பலமும் வேறு, விதியும் வேறு, வெற்றியின் பொருளும் வேறு. அரசியல் எதைப்போல இருக்கிறது என்று கேட்டால், நான் சாவடித் திண்ணையைத்தான் காட்டுவேன். ஒருமுறை ஆடாகவும் மறுமுறை புலியாகவும் இருந்து ஆடியவருக்கு, ‘அதிகாரம்’ என்ற சொல்லுக்கு இலக்கணம் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

கல்வியாளர்கள் இதைச் ‘சிமுலேஷன்’ என்கிறார்கள். தமிழில் பாவனை ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். 1950-களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு கெட்ஸ்கோவ் என்ற பேராசிரியர், மாணவர்களைக் கற்பனை நாடுகளின் தலைவர்களாக்கி, கஜானாவையும் படையையும் கொடுத்துச் சர்வதேச அரசியலை ஆடவிட்டார். 1990-களில் நியூயார்க்கின் பர்னார்டு கல்லூரியில் மார்க் கார்ன்ஸ் என்ற வரலாற்றுப் பேராசிரியர் தொடங்கிய முறை இன்னும் சுவையானது. வரலாற்றின் ஒரு திருப்பத்தை எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு பாத்திரத்தையும் அந்தப் பாத்திரம் படித்திருக்கக்கூடிய நூல்களையும் கொடுத்து, வாரக்கணக்கில் வாதிட வைப்பார்கள். அதில் ஓர் ஆட்டம் 1945-இன் சிம்லா மாநாட்டைப் பற்றியது. இந்தியாவைப் பார்த்தேயிராத மாணவர்கள் காந்தியாகவும் ஜின்னாவாகவும் அம்பேத்கராகவும் உட்கார்ந்து, பிரிவினை தவிர்க்கக்கூடியதா என்று மல்லுக்கட்டுகிறார்கள். அதே சிம்லா மாநாடு நம் வகுப்பில் ஐந்து மதிப்பெண் வினா.

ஐ.நா. வேண்டாம், ஆத்தூர் போதும்

நம் ஊரில் ‘மாதிரி ஐ.நா.’ வசதியான பள்ளிகளின் கோட்டு சூட்டு விழாவாகியிருக்கிறது. திண்டுக்கல்லில் படிக்கும் மாணவிக்கு நார்வேயின் பிரதிநிதியாகப் பேசத் தெரிவதில் தவறில்லை. ஆனால், அவள் தினமும் பேருந்தில் கடந்து வரும் குடகனாற்றின் அரசியல், பாதுகாப்பு கவுன்சிலுக்குச் சற்றும் இளைத்ததன்று.

கீழ்ப் பழனி மலையில் பிறக்கும் நீர், ஆத்தூர் அருகே காமராஜர் அணையில் தேங்குகிறது. திண்டுக்கல் நகரம் பல தலைமுறைகளாகக் குடிப்பது அந்த நீரை. அணைக்குக் கீழே ராஜவாய்க்கால் வழியாகச் சித்தையன்கோட்டைப் பக்கத்து வயல்களுக்கும் குளங்களுக்கும் ஒரு பங்கு. ஆற்றோடு போகும் பங்கு வேடசந்தூர் வட்டத்தின் அழகாபுரி அணைக்கும், அதற்கும் அப்பால் கரூர் மாவட்டத்தில் அமராவதிக்கும் போக வேண்டும். வாய்க்காலுக்கு எவ்வளவு, ஆற்றுக்கு எவ்வளவு என்ற பூசல் மறியல், மனு, வல்லுநர் குழு என்று போயிருக்கிறது. இதற்கிடையில், நகரைச் சுற்றிய ‘தோல் ஷாப்பு’ எனும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு இந்தப் படுகையின் நிலத்தடி நீரைக் கெடுத்த கதை தனி.

இதை ஒரு வகுப்பறையில் ஆடலாம். தேவை ஒரு கிண்ணம், நூறு புளியங்கொட்டை, கொஞ்சம் கரி.

வகுப்பை ஆறு குழுவாகப் பிரியுங்கள். மேல்மடை விவசாயிகள்: தேவை நாற்பது கொட்டை. நகரக் குடிநீர்: இருபது. தோல் ஷாப்பும் நூற்பாலையும்: பத்து. கடைமடை விவசாயிகள்: நாற்பது. ஐந்தாவது குழு நிலமில்லாத கூலித் தொழிலாளர்கள். அவர்களுக்குக் கொட்டை கிடையாது, வயல் விளைந்தால் கூலி உண்டு. ஆறாவது, மதகுச் சாவி வைத்திருக்கும் அதிகாரிகள். கூட்டிப் பாருங்கள்: தேவை நூற்றுப்பத்து. நல்ல மழை ஆண்டில்கூடக் கையிலிருப்பது நூறுதான். ஒவ்வொரு சுற்றும் ஓர் ஆண்டு. குலுக்கிப் போட்ட சீட்டு மழையைச் சொல்லும்: நூறு, அறுபது, அல்லது முப்பது.

விதிகள் மூன்றே. ஒன்று, கிண்ணம் மேல்மடையில்தான் தொடங்கும். அவர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. இரண்டு, ஆலைக் குழு சுத்திகரிப்புச் செலவை ஏற்காவிட்டால், கீழே போகும் கொட்டையில் பத்தைக் கரி பூசி அனுப்பும். அது எதற்கும் உதவாது. மூன்றாவது, நான்கு சுற்றுக்கு ஒருமுறை தேர்தல். கூலித் தொழிலாளர் குழுவில்தான் ஆட்கள் அதிகம் என்பதை மறக்க வேண்டாம். எந்தக் குழு யாருக்கு என்பதையும் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்து என்ன நடக்கும் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. சொல்ல முடிந்தால் அது ஆட்டமே அல்ல. ஆனால், மனிதர்களை அறிந்தவர்கள் ஊகிக்கலாம். முதல் ஆண்டு மேல்மடைக்காரர்கள் நாற்பதோடு நிறுத்த மாட்டார்கள். ‘அடுத்த வருஷம் எப்படியோ’ என்று இன்னும் ஐந்தாறு மடியில் போகும். அதைப் பேராசை என்று அவர்களே நினைக்க மாட்டார்கள், முன்ஜாக்கிரதை என்பார்கள். கிண்ணம் கடைமடைக்கு வரும்போது கொட்டையைவிடக் கரிதான் அதிகம் தெரியும். முப்பது என்று சீட்டு விழுந்த ஆண்டில் கடைமடைக் குழு எழுந்துபோய் வகுப்பு வாசலில் உட்கார்ந்துவிடலாம். மறியலுக்கு விதியில் இடமில்லையே என்று மாணவர்கள் ஆசிரியரைப் பார்ப்பார்கள். விதியில் இல்லாததை அனுமதிப்பதா, ‘போலீஸை’ அழைப்பதா, விதியையே மாற்ற எல்லாரையும் கூட்டுவதா? இறையாண்மை, சட்டத்தின் ஆட்சி, சட்டமறுப்பு என்று புத்தகத்தில் தனித்தனி அத்தியாயமாகக் கிடக்கிற மூன்றும் அந்த நொடியில் ஒன்றாக வந்து நிற்கும்.

வேடசந்தூர்ப் பெண்ணுக்கு மேல்மடைச் சீட்டும், ஆத்தூர்ப் பையனுக்குக் கடைமடைச் சீட்டும் விழுந்தால் இன்னும் நல்லது. தன் ஊரின் நியாயத்தை எல்லோரும் பேசிவிடுவார்கள். எதிராளியின் நியாயத்தை அவன் வாயால் கேட்பதற்கு முன், தன் வாயாலேயே சொல்லிப் பார்ப்பது வேறு படிப்பு.

ஆந்திரத்தில் ஆடிப் பார்த்தார்கள்

இது மாணவர் விளையாட்டோடு நிற்கிற சமாச்சாரமும் இல்லை. பொது வளங்களைப் பயன்படுத்துவோரே விதி வகுத்துக் காக்க முடியும் என்று காட்டி, 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ராம் அடிப்படையில் ஓர் அரசியல் அறிவியலாளர். களத்தில் கண்டதைச் சின்னச் சின்ன ஆட்டங்களாக்கி ஆய்வுக்கூடத்திலும் சோதித்தவர். அந்த வழியில், சுற்றுச்சூழல் பாதுகாப்பு அறக்கட்டளையும் சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்களும் சென்ற பத்தாண்டில் ஆந்திரத்தின் வறண்ட கிராமங்களில் நிலத்தடி நீர் ஆட்டம் ஒன்றை நடத்தினார்கள். ஐந்து விவசாயிகள் உட்காருவார்கள். ஒவ்வொருவரும் ரகசியமாகப் பயிரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: நிறைய நீர் குடித்து நிறையப் பணம் தருவது ஒன்று; குறைந்த நீரில் குறைந்த வருமானம் தருவது மற்றொன்று. சுற்றுக்குச் சுற்று நீர்மட்டம் இறங்குவது கண்ணெதிரே தெரியும்.

ஆட்டம் முடிந்ததும் ஊரைக் கூட்டிப் பேசினார்கள். ஆடிய குடியிருப்புகளை ஆடாத குடியிருப்புகளோடு ஒப்பிட்டபோது, நீர்க் கணக்குப் பதிவேடு வைப்பதும் நிலத்தடி நீருக்கு விதி வகுப்பதும் ஆடிய ஊர்களில் கூடுதலாக இருந்ததாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆட்டமே ஊரைத் திருத்திவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எவரும் வாய்விட்டுப் பேசாமலிருந்த ஒன்றைப் பேச அது ஒரு சாக்குக் கொடுத்தது. போர் மேல் போர் போட்டு ஆயிரம் அடியை எட்டிப் பார்க்கும் நம் மாவட்டத்து விவசாயிக்கும் இந்தச் சாக்கு தேவைதான்.

முடிவு தெரிந்த கதை

இன்னோர் ஆட்டத்துக்கும் திண்டுக்கல்லே களம். 1973 மே 20 மக்களவை இடைத்தேர்தல். 1972 அக்டோபர் 17-இல் பிறந்த அ.தி.மு.க. ஏழே மாதத்தில், மாயத் தேவரை நிறுத்தி, இரட்டை இலைச் சின்னத்தில் முதன்முதலாகப் போட்டியிட்டு வென்றது. பழைய காங்கிரஸ் இரண்டாவது. மாநிலத்தை ஆண்டுகொண்டிருந்த தி.மு.க. மூன்றாவது. இன்றைய மாணவருக்கு இது நடந்தே தீர வேண்டிய ஒன்றுபோலத் தெரியும். எம்.ஜி.ஆர். கட்சி நின்றால் ஜெயிக்காமல் என்ன என்பார்கள்.

இப்போது காலண்டரை 1973 ஏப்ரலில் நிறுத்துங்கள். ஐந்து அணி: தி.மு.க., அ.தி.மு.க., பழைய காங்கிரஸ், இந்திரா காங்கிரஸ், இந்திய கம்யூனிஸ்ட் கட்சி. காமராஜர் உயிரோடிருக்கிறார். இரண்டு காங்கிரஸும் சேர்ந்தால் என்ன ஆகும்? கம்யூனிஸ்ட்டுகள் யார் பக்கம் போவது? வேட்பாளரைத் தேர்வதில் சாதிக் கணக்கு எவ்வளவு, தொகுதிக் கணக்கு எவ்வளவு? அன்றைய நாளிதழ்களைப் புரட்டி, அன்று தெரிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மாணவர்கள் பேரம் பேசட்டும். அவர்களின் ஆட்டத்தில் பழைய காங்கிரஸே வென்றுவிட்டாலும் பாதகமில்லை. அப்புறம்தான், நிஜத்தில் ஏன் அப்படி நடக்கவில்லை என்ற கேள்வியைச் சிரத்தையோடு கேட்பார்கள். அதற்கு முன்புவரை அது வெறும் பொது அறிவுத் துணுக்கு.

ஆட்டம் பொய் சொல்லும் இடம்

வக்காலத்து வாங்குகிறவன் குறையையும் சொல்ல வேண்டும். பாவனை ஆட்டத்தில் மாணவர்களுக்கு ஆர்வம் கூடுகிறது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், அதனால் தேர்வில் கூடுதலாக மதிப்பெண் எடுக்கிறார்களா என்று அளந்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. விரிவுரையை ஒழித்துவிட்டு ஆட்டத்தை வைக்கச் சொல்லவில்லை. பஞ்சாயத்துச் சட்டம் தெரியாமல் பஞ்சாயத்து ஆடினால் அது அரட்டையாகத்தான் முடியும்.

அடுத்த குறை கனமானது. வட்டமாக நாற்காலி போட்டு ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று ஆடும்போது, எல்லோரும் சமம் என்ற பொய்யை ஆட்டம் சொல்லிவிடுகிறது. நம் ஊர்க் கூட்டங்களில் யார் நாற்காலியில், யார் தரையில், யார் வேலிக்கு வெளியே என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்காகச் சாதியையே வேடமாக்கி ஆடலாமா? கூடாது. 1968-இல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜேன் எலியட் என்ற பள்ளி ஆசிரியை, பிள்ளைகளை நீலக்கண், பழுப்புக்கண் என்று பிரித்து ஒதுக்கலை அனுபவிக்க வைத்தார். அதைப் பாராட்டுவோரும், குழந்தைகளைக் காயப்படுத்தியது என்போரும் இன்றும் உண்டு. நம் வகுப்பில் ஒதுக்கலை வெளியே அனுபவித்துவிட்டு வந்த மாணவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பாடமாகச் சொல்லித் தர அதில் ஒன்றுமில்லை, வலிதான் இருக்கிறது.

நான் சொல்லும் வழி இது: அடையாளத்தை ஆட வேண்டாம், விதியில் வையுங்கள். கூலித் தொழிலாளர் குழு கடைசியாகத்தான் பேசலாம். கொட்டையைத் தொடக் கூடாது. ஏன் என்று ஆசிரியர் சொல்ல வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் யாராவது ஒரு மாணவர், “சார், இந்த விதியை யார் போட்டது?” என்று கேட்பார். அங்கே பாடத்தைத் தொடங்கலாம்.

உண்மையில், ஆட்டத்தின் பாதி அது முடிந்த பிறகுதான் நடக்கிறது. மடியில் மறைத்ததை எல்லோர் முன்னும் எண்ணிக் காட்டுவது, அப்போது என்ன நினைத்தாய் என்று கேட்பது, அதை இரண்டு பக்கம் எழுதுவது. மணி அடித்துவிட்டது என்று அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது கூச்சலும் சிதறிய கொட்டையும்.

கிராமசபையில் உட்காருவது

ஆட்டத்துக்கு அடுத்து நிஜம் வேண்டும். அதற்கு நம் மாவட்டத்திலேயே முன்னோடி உண்டு. 1947 அக்டோபரில் சின்னாளபட்டிக்கு அருகே டாக்டர் டி.எஸ்.சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம், 1956-இல் ஊரக நிறுவனமாகவும், 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. கற்பித்தல், ஆய்வு இரண்டோடு ஊரில் இறங்கி வேலை செய்வதையும் கல்வியின் மூன்றாம் காலாக வைத்த இடம். மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்குவதே அங்கே பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. பஞ்சாயத்துத் தலைவர்களுக்குப் பயிற்சியும் அங்கே நடந்திருக்கிறது.

மற்றக் கல்லூரிகளுக்குக் குறைந்தபட்சம் இது முடியும்: ஆடிப் பார்த்த மாணவர்களைக் கிராமசபைக்கு அழைத்துப் போவது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள். ஐந்நூறு பேர் வரையுள்ள ஊராட்சியில் 50 பேர், மூவாயிரம் வரை 100 பேர், பத்தாயிரம் வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் கூடினால்தான் குறைவெண் வரம்பு நிறைவேறும். மாணவர்கள் தலையை எண்ணட்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு கையெழுத்து வாங்குகிறார்களா, வாங்கிய பிறகு எழுதுகிறார்களா என்று பார்க்கட்டும்.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட திண்டுக்கல் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. அடுத்த தேர்தல் நடக்காததால் நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத கிராமசபையில் கேள்வி யாரை நோக்கிப் போகும்? ஆடிவிட்டு வந்த மாணவருக்குத்தான் இந்தக் கேள்வி சட்டென்று உறைக்கும். மதகுச் சாவியைத் தேர்தலில்லாமல் வைத்திருக்கும் ஆறாவது குழுவை அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்.

போர்ஷன் முடியணுமே?

ஆசிரியர்களின் நெருக்கடி எனக்குப் புரியாததில்லை. ஒரு வகுப்பில் அறுபது பேர், ஒரு மணி நேரப் பாடவேளை, செமஸ்டருக்கு ஐந்து யூனிட். ‘போர்ஷன் முடியணுமே’ என்பது நியாயமான கவலை. ஐந்து யூனிட்டில் ஒரே ஒரு யூனிட்டை மட்டும் ஆட்டமாக்கினால் போதும். அக மதிப்பீட்டு மதிப்பெண்ணில் ஒரு அசைன்மென்ட்டுக்குரியதை, ஆட்டத்துக்குப் பின் எழுதும் அந்த இரண்டு பக்கத்துக்குக் கொடுக்கலாம். வென்றவருக்கு மதிப்பெண் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் மடியில் மறைத்தவர்தான் முதல் வகுப்பில் தேறுவார். மொழி தமிழாகவே இருக்கட்டும். ஆங்கிலத்தில் பேரம் பேசச் சொன்னால், ஆங்கிலம் தெரிந்த நான்கு பேரின் ஆட்டமாகிவிடும். பல்கலைக்கழகப் பாடக் குழுக்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இதற்கென்று நான்கு மணி நேரத்தைப் பாடத்திட்டத்தில் எழுதி வைப்பது. எழுதாவிட்டால் துணிந்த ஆசிரியர் மட்டும் செய்வார், அவரும் மாறுதலில் போய்விடுவார்.

செலவு என்று பார்த்தால், நத்தம் பக்கம் புளி தட்டுகிற பருவத்தில் கொட்டை கேட்டால் சும்மாவே அள்ளித் தருவார்கள். கிண்ணம் ஒன்று வேண்டும். வாசலில் மறியலுக்கு உட்கார்ந்த பெண், “எங்களுக்கு மட்டும் ஏன் கரிக்கொட்டை?” என்று கேட்கும்போது, வரியைப் படி என்று சொல்லாத ஆசிரியர் ஒருவர் வேண்டும்.